அரசியலமைப்பு அறிவுப் போட்டி: தமிழ் மொழிமூலப் பிள்ளைகளை எப்படித் தயார்படுத்துவது?

வெள்ளவத்தை அம்மா | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். மகள் தரம் 12, கலைப் பிரிவு, அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள். பாடசாலைகளுக்கு இடையில் நடக்கும் ஒரு குடியியல், இலங்கை அரசியலமைப்பு அறிவுப் போட்டிக்கு அவளுடைய பாடசாலையிலிருந்து நான்கு பேரைத் தெரிவு செய்திருக்கிறார்கள். இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. முதல் சுற்று பஸர் அடித்துப் பதில் சொல்லும் வினாவிடை. அதில் தேறினால், மூன்று நடுவர்களுக்கு முன்னால் ஒரு தலைப்பில் நான்கு நிமிடம் பேச வேண்டும், அப்புறம் அவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்களாம். பொறுப்பாசிரியை நல்லவர்தான், ஆனால் அவருக்கு வகுப்பு வேலையே தலைக்கு மேல்.

அதனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் பயிற்சிக் களம். சனிக்கிழமை பின்னேரம் நான்கு பிள்ளைகளும் ரியூசன் முடித்து நேரே இங்கே வருகிறார்கள். எனக்குச் சட்டம் தெரியாது, வங்கியில் வேலை செய்தவள். கையில் இருப்பது ஒரு வழிகாட்டிப் புத்தகமும் யாரோ தந்த போட்டோக்கொப்பிக் கட்டும். அரசியலமைப்பின் உறுப்புரை இலக்கங்களை 'பன்னிரண்டு சமத்துவம், பதின்மூன்று கைது, பதினான்கு பேச்சு' என்று வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்குகிறார்கள். இது போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சோக்குக்கட்டி | ஞாயிறு, இரவு 10.05

தங்கச்சி, பயப்படாதீர்கள். குடியியலும் வரலாறும் படிப்பித்தே தலை நரைத்தவன் நான். முதல் வேலை, அந்த வழிகாட்டியின் வயதைக் கண்டுபிடிப்பது. அட்டையில் போட்டிருக்கும் வருடத்தை நம்ப வேண்டாம். அட்டை வருடா வருடம் மாறும், உள்ளே பழைய சோறுதான்.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். உயர் நீதிமன்றத்தில் எத்தனை நீதியரசர்கள் என்று பாருங்கள். பிரதம நீதியரசர், அவரோடு ஆறுக்குக் குறையாத, பத்துக்கு மேற்படாத மற்ற நீதியரசர்கள் என்று இருந்தால் புத்தகம் 2020க்கு முந்தியது. இருபதாம் திருத்தத்தோடு அந்தப் பத்து பதினாறாகிவிட்டது. பிரதம நீதியரசரோடு சேர்த்து அதிகபட்சம் 17. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 12 ஆக இருந்தது 20 ஆகியது. 2022இல் வந்த இருபத்தோராம் திருத்தம் இருபதாவதில் பலதைத் தூக்கிப் போட்டாலும் இதில் கை வைக்கவில்லை.

இன்னொன்று, பாராளுமன்றத்தை ஜனாதிபதி எப்போது கலைக்கலாம் என்பது. நாலரை வருடம் என்று இருந்தால் அது 2015இன் பத்தொன்பதாம் திருத்தக் காலத்துக் குறிப்பு. இப்போது இரண்டரை வருடம்.

அரசியலமைப்பு தமிழில் பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அதை இறக்கி, அத்தியாயம் ஒன்று முதல் ஆறு வரையாவது அச்சடித்து, மேசையில் வையுங்கள். வழிகாட்டியை மூடி வையுங்கள். வீட்டில் நான்கு பிள்ளைகளுக்கு இடம் காணாவிட்டால் 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, உங்களுக்கு நடந்து போகும் தூரம்.

வெள்ளவத்தை அம்மா | திங்கள், மாலை 6.40

சேர், சோதனை செய்து பார்த்தேன். 'பத்துக்கு மேற்படாத' என்றுதான் இருக்கிறது! போட்டோக்கொப்பிக் கட்டு அதைவிட மோசம், ஜனாதிபதியின் பதவிக்காலம் ஆறு வருடமாம். மகள் பாதியைப் பாடமாக்கி முடித்துவிட்டாள், இப்போது வீட்டில் யாரோடும் கதைக்கிறாள் இல்லை.

கொட்டாஞ்சேனைப் பொடியன் | திங்கள், இரவு 8.15

அக்கா, ஆறு வருடம் என்பது 1978 முதல் 2015 வரை சரி. இப்போது ஐந்து. தங்கச்சியிடம் சொல்லுங்கள், பழையதைப் பாடமாக்கியது வீண் இல்லை. 'முன்பு எவ்வளவு, எந்தத் திருத்தத்தில் மாறியது' என்றும் கேள்வி வரும்.

நான் ஓ.எல். எழுதின வருடம் இதே மாதிரிப் போட்டி ஒன்றுக்குப் போய்த் தோற்றவன். தோற்ற கதையைச் சொல்கிறேன், அதுதான் பயன். நான் தயாரானது முழுக்க யூடியூப்பில். நல்ல தமிழில், படம் போட்டு, அருமையாக விளக்குகிறார்கள். ஆனால் அவை தமிழ்நாட்டில் அரசுத் தேர்வு எழுதுபவர்களுக்கான காணொளிகள். எனக்கு அந்த வித்தியாசம் உறைக்கவே இல்லை. மேடையில் கேள்வி: 'உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் ஓய்வு பெறும் வயது என்ன?' நான் பஸரை அடித்து, நெஞ்சை நிமிர்த்தி, 62 என்றேன். பிழை. 65.

பிறகுதான் விளங்கியது. இந்தியாவில் உயர் நீதிமன்றம் என்றால் மாநிலத்தில் இருப்பது, அங்கே 62 சரி. அதற்கு மேலே இருப்பதை உச்ச நீதிமன்றம் என்பார்கள். எங்கள் நாட்டில் உயர் நீதிமன்றம்தான் எல்லாவற்றுக்கும் மேல். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அப்புறம் மேல் நீதிமன்றம். ஒரே தமிழ், ஒரே சொல், வேறு கட்டடம். அதேபோல அவர்களுடைய குடியரசுத் தலைவரையும் எங்கள் ஜனாதிபதியையும் ஒரே ஆசாமி என்று நினைத்தால் கதை கந்தல், அதிகாரமே வேறு. அவர்கள் இறையாண்மை என்பதை எங்கள் அரசியல் யாப்பு இறைமை என்கிறது. உறுப்புரை என்ற சொல்லை அங்கே தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

சும்மா வந்தவன் | திங்கள், இரவு 8.31

65ஓ 62ஓ, நமக்கென்ன? இதைப் பாடமாக்கி ஒரு கேடயம் வாங்கி அலுமாரியில் வைப்பார்கள். அரசியலமைப்பில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியிருக்கிறதாமே. போன மாதம் கொழும்பில் ஒரு அரச அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. முழுக்கச் சிங்களம். மேல் மாடியில் இருக்கும் பெரேரா அங்கிளிடம் கொண்டுபோய் வாசித்துக் கேட்டேன். போட்டி வைப்பவர்கள் முதலில் அதைக் கேட்கட்டும்.

மருதானை வாப்பா | திங்கள், இரவு 9.02

தம்பி, கோபம் நியாயம். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அக்கா உதவி கேட்டு வந்திருக்கிறார். நானும் இந்த இழையைக் குறித்து வைக்கிறேன், என் மகன் அடுத்த வருடம் இதற்குப் போகப்போகிறான்.

கறுப்புக் கோட்டு | திங்கள், இரவு 11.20

சம்பந்தம் இருக்கிறது. அந்தக் கடிதம்தான் இந்த இழையில் இதுவரை வந்த ஆகச் சிறந்த பயிற்சிக் கேள்வி.

நான் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணியாகத் தொழில் செய்கிறவன். கட்சிக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உறுப்புரை இலக்கம் தெரியாமல்தான் வருகிறார்கள், அது பரவாயில்லை. தங்களுக்கு நடந்தது எந்தப் பெட்டிக்குள் போகும் என்று தெரியாமல் வருகிறார்கள், அதுதான் சிக்கல். பிள்ளைகளைக் கடிதத்தில் தொடங்கச் சொல்லுங்கள். உறுப்புரை 18 என்ன சொல்கிறது? சிங்களம் அரச கரும மொழி, தமிழும் அரச கரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. அந்தத் 'தமிழும்' 1978இல் இருக்கவில்லை, 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு வந்தது. சரி, அது அந்தஸ்து. கடிதம் யாருக்கு எந்த மொழியில் போக வேண்டும் என்பது எங்கே? உறுப்புரை 22. அதை 1988இன் பதினாறாம் திருத்தம் புதுப்பித்தது. நிருவாக மொழி சிங்களமாக இருக்கும் இடத்திலும், உத்தியோகத்தரோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்பு கொள்ளவும் அந்த மொழியில் கடிதம் பெறவும் ஓர் ஆளுக்கு உரித்து உண்டு.

அடுத்த கேள்வி, மீறினால் எங்கே போவது? இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அடிப்படை உரிமைகள் மூன்றாம் அத்தியாயம், மொழி நான்காம் அத்தியாயம். உறுப்புரை 126 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: அடிப்படை உரிமையோ மொழி உரிமையோ ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலால் மீறப்பட்டால் உயர் நீதிமன்றம். காலம் ஒரு மாதம். மூன்று மாதம், ஆறு மாதம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை இந்த ஒரு மாதத்தில் சேர்ப்பதில்லை என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இரண்டாம் சுற்றில் ஒரு பிள்ளை இதைச் சொன்னால் நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

சும்மா வந்தவன் | செவ்வாய், காலை 7.10

அந்தக் கடிதம் வந்து ஐந்து கிழமை ஆகிவிட்டது, சேர்.

கறுப்புக் கோட்டு | செவ்வாய், காலை 7.45

அப்போது தமிழில் பிரதி கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழில். பதிவுத் தபாலில்.

வெள்ளவத்தை அம்மா | சனி, இரவு 8.50

இன்று கடிதத்தை வைத்துத்தான் பயிற்சி செய்தோம். ஒரு மணித்தியாலம் போனது தெரியவில்லை. இரண்டு பேர் மனுதாரர் பக்கம், இரண்டு பேர் அரசு பக்கம். அரசு பக்கம் இருந்த பிள்ளை 'மனுதாரருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும், ஆகவே பாதிப்பு இல்லை' என்று ஒரு போடு போட்டான். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'உரித்து இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அவருக்கு என்ன தெரியும் என்பது இல்லை' என்றாள். எனக்கே கை தட்ட வேண்டும் போல இருந்தது, தட்டவில்லை.

ஆனால் பஸர் சுற்றுக்கு என்ன செய்வது? அதில் தேறினால்தானே இதெல்லாம்.

கொட்டாஞ்சேனைப் பொடியன் | சனி, இரவு 9.30

பஸர் சுற்றில் கேள்வி போடுகிறவர்களுக்குச் சில விருப்பமான பொறிகள் உண்டு. நான் விழுந்ததும், மற்றவர்கள் விழுந்து பார்த்ததும் சொல்கிறேன்.

எத்தனை மாவட்டம்? நிருவாக மாவட்டம் 25, தேர்தல் மாவட்டம் 22. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரு தேர்தல் மாவட்டம், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னி. கேள்வி முடியுமுன் பஸரை அடித்தால் அங்கேயே சரி. 225 எப்படி வருகிறது என்பது அடுத்தது. 196 பேர் மாவட்டங்களிலிருந்து, 29 பேர் தேசியப் பட்டியல் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த 196க்குள்ளே மாகாணத்துக்கு நான்கு வீதம் 36 இருக்கிறது, மிச்சம் 160தான் வாக்காளர் தொகைப்படி பங்கிடுவது. இதைக் கேட்டால் மேடையில் ஊசி விழுந்தாலும் கேட்கும். பாராளுமன்றம் கூடுவதற்கு ஆகக்குறைந்தது இருக்க வேண்டிய உறுப்பினர் தொகை, அதாவது கூட்ட நடப்பெண், 20. பாதி என்று நினைத்து 113 சொல்லாதவர்களை நான் கண்டதில்லை.

திருத்தங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. இருபத்தோராவது வரை இலக்கம் போயிருக்கிறது, அப்படியென்றால் 21 திருத்தம் நிறைவேறியதா? இல்லை, பன்னிரண்டாவது சட்டமாகவே வரவில்லை. 2022 ஒக்டோபரில் பாராளுமன்றத்தில் நிறைவேறியபோது செய்திகளில் எல்லாம் 'இருபத்திரண்டாம் திருத்தச் சட்டமூலம்' என்றுதான் இருந்தது, சட்டமானபோது அதுவே இருபத்தோராம் திருத்தம். பழைய பத்திரிகை வெட்டி ஒட்டிப் படிக்கிற பிள்ளைகள் இதில் கட்டாயம் விழுவார்கள்.

நாடு முழுக்க நடந்த ஒரேயொரு சர்வஜன வாக்கெடுப்பு எது? 1982 டிசம்பர் 22. தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதற்கு. சர்வஜன வாக்கெடுப்பை யாப்பின் தமிழ்ப் பிரதி மக்கள் தீர்ப்பு என்கிறது, இரண்டு பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

சோக்குக்கட்டி | சனி, இரவு 10.15

பொடியன் சொன்னது எல்லாம் சரி. நான் வரலாற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் 1978இல்தான் உலகம் பிறந்தது என்று நினைக்கிறார்கள். சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி யாப்பு, சிறுபான்மையினருக்குப் பாகுபாடான சட்டம் இயற்றுவதைத் தடுத்த அதன் பிரிவு 29(2), 1972 மே 22இல் முதலாம் குடியரசு யாப்பு, 1978 செப்டெம்பர் 7இல் இரண்டாவது. இந்த மூன்றையும் திகதியாகப் படித்தால் ஒரு கிழமையில் மறந்துவிடும். ஒரு மனிதனின் கதையாகப் படித்தால் மறக்காது.

கோடீஸ்வரன் என்று ஓர் அரசாங்க எழுதுவினைஞர். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்தார். சம்பள உயர்வை நிறுத்தினார்கள். வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது, அந்தச் சட்டம் 29(2)உடன் முரண்படுகிறது என்றது. அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்வியைத் தொடவே இல்லை. அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு எதிராக வழக்காட முடியாது என்று சொல்லி முடித்துவிட்டது. அவர் அப்போது எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகத்துக்கு (பிரிவி கவுன்சில்) போனார். 1969இல் அவர்கள், வழக்காட முடியும், மொழிக் கேள்வியை அங்கேயே போய்த் தீருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் 1971இல் கோமறைக் கழக மேன்முறையீடே ஒழிந்தது. 1972 யாப்பில் பிரிவு 29 காணாமல் போனது. கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

ஒரு சம்பள உயர்வுக்குள் இரண்டு யாப்பு அடங்கிவிட்டது பார்த்தீர்களா. அதே 1972இல் தமிழ்த் தலைவர் செல்வநாயகம் அந்த யாப்பை எதிர்த்துத் தன் காங்கேசன்துறைப் பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்ததையும், இடைத்தேர்தல் 1975 வரை இழுத்தடிக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். நான் படிப்பித்த காலத்தில் இந்தப் பாடத்தன்று மட்டும் கடைசி வாங்குக்காரர்களும் நிமிர்ந்து இருப்பார்கள்.

மருதானை வாப்பா | ஞாயிறு, காலை 9.20

சேர், மரியாதையோடு ஒரு விஷயம். இதையெல்லாம் மேடையில் சொல்ல வைப்பது புத்தியா? மண்டபத்தில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். 1956, 1972, பௌத்தத்துக்கு முதன்மை தரும் உறுப்புரை 9, பிரிவினை கோருவதைத் தடுக்கும் ஆறாம் திருத்தம், இதெல்லாம் தொட்டால் சுடும். ஒரு பிள்ளை ஏதாவது சொல்லி, அதை யாராவது போனில் எடுத்துப் போட்டால்? எங்கள் பிள்ளைகள் என்றால் ஒரு படி கூடக் கவனம் வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்கள் நாங்கள் அதைப் படித்தோம்.

கொட்டாஞ்சேனைப் பொடியன் | ஞாயிறு, காலை 10.05

நானா, 2019ஐ வைத்தே சொல்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து கொச்சிக்கடைக் கோயில் பத்து நிமிடம். அன்று காலை கேட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்கு எதிராகப் போட்ட அடிப்படை உரிமை மனுக்களில் 2023 ஜனவரி 12 தீர்ப்பு வந்தது. உறுப்புரை 12(1)உம் 14(1)(உ)உம் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் சொல்லி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைத் தன் சொந்தப் பணத்தில் 100 மில்லியன் ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. ஜனாதிபதியாக இருந்த ஒருவரை. 'சட்டத்தின் முன் எல்லோரும் சமம்' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இதைச் சொல்லாமல் விட்டால் அப்புறம் எதைச் சொல்வது?

கறுப்புக் கோட்டு | ஞாயிறு, பகல் 12.30

இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, ஆனால் நான் பொடியன் பக்கம். பாதுகாப்பு எங்கே இருக்கிறதென்றால், உறுப்புரையின் வாசகத்தில். 'இது அநியாயம்' என்று தொடங்கும் பிள்ளையை நடுவர் மடக்கலாம். 'உறுப்புரை இப்படிச் சொல்கிறது, நீதிமன்றம் இப்படித் தீர்த்தது' என்று தொடங்கும் பிள்ளையை யார் என்ன செய்ய முடியும்?

ஒரு உதாரணம். உறுப்புரை 83இன் பட்டியலைக் கையில் எடுங்கள். எந்த உறுப்புரைகளை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும்? 1, 2, 3, அப்புறம் 6 தொடக்கம் 11 வரை, அதோடு 83 தானே. நாட்டின் பெயர், ஒற்றையாட்சி, இறைமை, கொடி, கீதம், தேசிய தினம், பௌத்தத்துக்கு முதன்மை, சிந்தனை மனச்சாட்சிச் சுதந்திரம், சித்திரவதைக்கு எதிரான பாதுகாப்பு. இப்போது பிள்ளைகளிடம், இதில் எது இல்லை என்று கேளுங்கள். சமத்துவம் சொல்லும் 12 இல்லை. மொழி சொல்லும் 18, 19 இல்லை. அவற்றை மாற்றுவதற்கு இந்த உறுப்புரை கேட்பது 150 கை மட்டும். நீங்கள் ஒரு வார்த்தை கூடக் குறை சொல்லத் தேவையில்லை. பட்டியலை வாசித்துவிட்டு ஒரு நொடி நிறுத்தினால் போதும்.

இன்னொன்று, 'ஆள்' என்ற சொல்லும் 'பிரசை', அதாவது நாட்டின் குடிமகன், என்ற சொல்லும். 10, 11, 12(1), 13 எல்லா ஆட்களுக்கும். 14 பிரசைகளுக்கு. சீன நாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவரைக் கோட்டையில் பிடித்து அடித்தால் 11இன் கீழ் அவருக்குப் பாதுகாப்பு உண்டு, காலிமுகத்திடலில் கூட்டம் கூடும் உரிமை 14இன் கீழ் அவருக்கு இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்கள் இழந்தது என்ன என்று அதற்குப் பிறகு கேட்டால் பிள்ளைகளே சொல்வார்கள்.

கடைசியாக, உயிர் வாழும் உரிமை எந்த உறுப்புரையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தேடிக் களைப்பார்கள். எங்கும் நேரடியாக இல்லை. பொலிஸ் காவலில் தாக்கப்பட்டுப் பின் இறந்த ஒருவரின் மனைவி போட்ட வழக்கில், 2003இல், உயர் நீதிமன்றம் 13(4)இலிருந்து அதை வருவித்து எடுத்தது. நீதிமன்றத் தீர்ப்பின்படி அல்லாமல் யாரையும் மரணத்தால் தண்டிக்கக் கூடாதென்றால், அதற்குள் வாழும் உரிமை இருக்கத்தானே வேண்டும் என்ற தர்க்கம். சிரியானி சில்வா வழக்கு என்று தேடுங்கள்.

மருதானை வாப்பா | ஞாயிறு, பகல் 1.15

நீங்கள் சட்டத்தரணி, உங்களுக்குப் பேசத் தெரியும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியுமா என்பதுதான் என் பயம். என் மகனுக்கு நான் பஸர் சுற்றை மட்டும்தான் சொல்லிக் கொடுப்பேன். அந்தப் பட்டியலை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

வெள்ளவத்தை அம்மா | ஐந்து கிழமைக்குப் பிறகு, சனி, இரவு 10.40

போட்டி முடிந்தது. நடந்ததை எழுத வேண்டும் என்று வந்தேன், ஆனால் மகள் தானே எழுதுகிறேன் என்று போனைப் பறித்துவிட்டாள்.

வணக்கம். நான்தான் அந்தத் 'தரம் 12'. முதலில் ஒரு திருத்தம். அம்மா கை தட்டவில்லை என்று எழுதியிருக்கிறார், தட்டினார், அதுவும் இரண்டு தரம். அப்புறம், நான் யாரோடும் கதைக்காமல் இருந்தது ஒரு நாள் மட்டும்.

முதல் சுற்றில் பன்னிரண்டு பாடசாலை. 36, 160 கேள்வி வந்தது! கொட்டாஞ்சேனை அண்ணாவுக்கு நன்றி. நடப்பெண் கேள்விக்கு நான் பஸரை அடிக்கப் போக, பக்கத்து மேசை முந்திவிட்டது, 113 என்றார்கள், எங்களுக்குத் திரும்பி வந்தது. பதினான்காவது கேள்வியில்தான் பிரச்சினை. 'பிரதம நீதியரசர் உட்பட உயர் நீதிமன்றத்தில் ஆகக்கூடியது எத்தனை நீதியரசர்கள்?' நான் 17 என்றேன். வினா நடத்தியவர் தாளைப் பார்த்து, பிழை, 11 என்றார். அடுத்த மேசை 11 சொல்லிப் புள்ளி வாங்கியது.

எனக்குக் கை நடுங்கியது. தரம் 10 தம்பிதான் பையிலிருந்து எங்கள் அச்சுக் கட்டை எடுத்தான். சாப்பாட்டு மேசையில் இருந்ததால் உறுப்புரை 119இல் ஒரு சாம்பார்க் கறை. அதைக் கொண்டுபோய் நடுவரிடம் கொடுத்தோம். பத்து நிமிடம் கூடிக் கதைத்தார்கள். பிறகு அந்தக் கேள்வியையே இரத்துச் செய்துவிட்டார்கள், யாருக்கும் புள்ளி இல்லை. பதில் சரியென்று ஒப்புக்கொண்டுவிட்டு ஏன் புள்ளி தரவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பொறுப்பாசிரியை, விடு பிள்ளை, அடுத்த கேள்வியைப் பார் என்றார்.

இரண்டாம் சுற்றுக்குப் போன ஆறு அணியில் நாங்களும் ஒன்று. தலைப்பு, அடிப்படை உரிமைகளுக்கு உறுப்புரை 15 போடும் மட்டுப்பாடுகள். மொழி இல்லை, 83உம் இல்லை, அவ்வளவு படித்தும்! நான்கு நிமிடத்தில் நாங்கள் சொன்ன முக்கியமான விஷயம், 15 எல்லா உரிமையையும் தொடவில்லை, 10ஐயும் 11ஐயும் அப்படியே விடுகிறது என்பது. ஒரு நடுவர், 'சித்திரவதைக்கு விதிவிலக்கே இல்லையா, தேசிய பாதுகாப்புக்காகக் கூட?' என்று மடக்கினார். நான் 'வாசகத்தில் இல்லை' என்றேன். 'வாசகத்தில் இல்லை, நடைமுறையில்?' என்றார். அப்போது சிரியானி சில்வா வழக்கைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். மொத்தத்தில் மூன்றாம் இடம். முதலாம் இடத்துக்கும் எங்களுக்கும் எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கேட்க வேண்டாம்.

சோக்குக்கட்டி | சனி, இரவு 11.05

எத்தனை புள்ளி மகள்?

வெள்ளவத்தை அம்மா | சனி, இரவு 11.07

(அம்மா எழுதுகிறேன்) ஐந்து. அந்தக் கேள்விக்குப் பத்து.

கறுப்புக் கோட்டு | சனி, இரவு 11.30

இரத்துச் செய்தது பிழையான தீர்ப்பு. ஆனால் அதற்கு மேன்முறையீடு இல்லை. மகளுக்கு என் வாழ்த்து. நடப்பு உறுப்புரையைக் கறையோடு சமர்ப்பித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். உயர்தரம் முடிந்ததும் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையை யோசிக்கச் சொல்லுங்கள்.

மருதானை வாப்பா | ஞாயிறு, காலை 8.15

மாஷா அல்லாஹ், மூன்றாம் இடம் சின்ன விஷயம் இல்லை. அக்கா, அந்த அச்சுக் கட்டை எறிந்துவிட வேண்டாம். அடுத்த கிழமை வெள்ளவத்தைப் பக்கம் வருவேன், மகனுக்கு ஒரு போட்டோக்கொப்பி எடுக்கிறேன். முழுக் கட்டும். அந்த 2003 வழக்கைப் பற்றியும் ஏதாவது குறிப்பு இருந்தால் வையுங்கள்.

சும்மா வந்தவன் | திங்கள், மாலை 5.50

தங்கச்சிக்கு வாழ்த்து. என் கதையும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சேர் சொன்ன மாதிரி தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். இன்று பதில் வந்தது. உறையில் பெயர், விலாசம் எல்லாம் அழகான தமிழில். உள்ளே கடிதம் சிங்களம்.

கறுப்புக் கோட்டு | திங்கள், மாலை 6.02

உறையை எறியாதீர்கள். இன்றைய திகதியை அதில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் இருக்கிறது.